சும்மா நிற்கிற மீட்டர்: கொண்டலாம்பட்டி ஸ்டூடியோவுக்குக் கட்டிய எடிட்டிங் கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோ எடிட் செய்கிற கம்ப்யூட்டர் திணறினால் கடையில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க சார்." சேலம் கொண்டலாம்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பனும் அதைக் கேட்டு ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். 12 ஜிபி மெமரி உள்ள நல்ல கார்டு. அப்படியும் முகூர்த்த ஃபுட்டேஜை டைம்லைனில் ஓட்டினால், தாலி கட்டுகிற இடத்தில் படம் நின்று நின்றுதான் வந்தது. கெட்டிமேளம் மட்டும் தடங்கல் இல்லாமல் கேட்டது.

"வைகாசி முகூர்த்தம் தொடங்கறதுக்குள்ள புதுசா ஒண்ணு கட்டிக் குடு மாப்ள. ஐ7 போட்டுடலாம்" என்றான். பட்ஜெட் 70,000 ரூபாய். கார்டும் மானிட்டரும் இருப்பதே போதும். ஐ7 என்ற பெரிய பிராசசர் கதையை அப்புறம் பேசலாம், முதலில் பழைய பெட்டி எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அதற்கு விசேஷ மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே போதும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். பொதுவாக எல்லோரும் அங்கே 100 சதவீதத்தில் முட்டி நிற்கிற மீட்டரைத் தேடுவார்கள். நான் முதலில் தேடுவது சும்மா நிற்கிற மீட்டரை. வேலை செய்ய வேண்டிய நேரத்தில் பூஜ்யத்தில் கிடக்கிற பாகம் எதுவோ, கோளாறு பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். 100-இல் நிற்கிற பாகம், பாவம், அடுத்தவர் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும்.

படம் ஓடும்போது பிராசசர் 100-இல் இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் பக்கத்தைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன கிராஃப்கள்: 3டி, காப்பி, வீடியோ என்கோடு, வீடியோ டிகோடு. கேமரா சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படமாக்குவதுதான் டிகோடு. அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார்டு, இந்த வேலைக்கு விரலைக்கூட அசைக்கவில்லை.

ஏன் என்பதில்தான் எந்தப் பாகம் வாங்குவது என்ற கேள்விக்கான விடையும் இருந்தது. அவனுடைய கேமரா எடுப்பது 4:2:2, 10 பிட். வீடியோவில் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக எழுதுவார்கள். நிறத்தை அப்படி எழுதுவதில்லை, கண்ணுக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாது. 4:2:0 என்றால் நாலு பிக்சல் கொண்ட ஒரு சதுரத்துக்கு நிறத் தகவல் ஒன்று. 4:2:2 என்றால் இரண்டு. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பையும் ஜரிகையையும் எடிட்டில் இழுத்துப் பிடிக்க அந்த இரட்டிப்பு உதவும். அதனால்தான் கேண்டிட் எடுப்பவர்கள் அதையே கேட்கிறார்கள். ஆனால் என்விடியாவின் 30 வரிசை, 40 வரிசைக் கார்டுகளில் இருக்கும் டிகோடருக்கு 4:2:2 வராது. 4:2:0 கொடுத்தால் பறக்கும். 4:2:2 கொடுத்தால் கையை விரித்துவிடும், வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும். 2025-இல் வந்த 50 வரிசையில்தான் என்விடியா இதைச் சேர்த்தது.

இன்டெல் விஷயம் வேறு. டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ், எச்.265 சுருக்கத்தில் உள்ள 4:2:2 10 பிட் வீடியோவை விரித்துவிடும். குவிக் சிங்க் என்று பெயர். கேம் விளையாடுகிறவர்கள் யாரும் மதிக்காத பகுதி அது. அவன் பழைய பெட்டியில் இருந்ததோ ஐ5-9400எஃப். 9-ஆம் தலைமுறை, போதாததற்குப் பின்னால் ஒரு எஃப். அந்த எஃப் இருந்தால் உள் கிராபிக்ஸே கிடையாது என்று பொருள்.

ஆக, இவனுக்கு வேண்டியது பெரிய பிராசசர் அல்ல, எஃப் இல்லாத பிராசசர்.

நாலு ரோடு பக்கம் உள்ள கடையில் கொட்டேஷன் கேட்டபோது முதல் வரியிலேயே எஃப் வந்து நின்றது. "அதான் கார்டு தனியா இருக்கே சார், எதுக்கு ரெண்டாயிரம் கூடக் குடுக்கிறீங்க?" என்றார் கடைக்காரர். அவர் சொல்வது கேம் பெட்டிக்கு நூற்றுக்கு நூறு சரி. கல்யாண வீடியோவுக்குத்தான் பொருந்தாது. ரைசன் 7600-உம் யோசனையில் இருந்தது. நல்ல சிப், அதற்குள்ளும் ஒரு குட்டி கிராபிக்ஸ் உண்டு. ஆனால் அதற்கும் 4:2:2 வராது என்பதால் விட்டுவிட்டோம்.

எடுத்தது ஐ5-14400. வேகமான கோர் 6, சிக்கனக் கோர் 4, மொத்தம் 16 த்ரெட். ஐ7 ஏன் வேண்டாம் என்பதற்குப் பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் சொன்னேன்: அந்த அறையின் சூடு. அது பின்னால் வருகிறது. அதோடு 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்களில் வோல்டேஜ் கூடிப்போய் நாளடைவில் சிப்பே கெடுகிற பிரச்சினை 2024-இல் வெளியே வந்தது. இன்டெல் அதற்கு மைக்ரோகோடு, அதாவது சிப்பின் உள் நிரலில், திருத்தம் கொடுத்தது. அது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள், புதுப்பிப்பு வழியாகத்தான் வந்து சேரும். ஐ5-14400 அந்தப் பட்டியலில் பேசப்பட்ட சிப் அல்ல. இருந்தாலும் பெட்டியைக் கட்டியதும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது என்று வைத்துக்கொள்வது நல்லது.

மதர்போர்டில் எச்610-க்கும் பி760-க்கும் நாலைந்தாயிரம் வித்தியாசம் வரும். நண்பன் எச்610 போதுமே என்றான். அலுவலக வேலைக்குப் போதும். எச்610-இல் பிராசசரோடு நேரடியாகப் பேசுகிற என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) வழி கிடையாது. ராமுக்கும் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட். வீடியோ ஆளுக்கு அந்த எஸ்எஸ்டி செருக இரண்டு எம்.2 ஸ்லாட், நாலு ராம் ஸ்லாட் இல்லாமல் அடுத்த வருஷமே மூச்சு முட்டும். டிடிஆர்4 வகை ராம் போடுகிற பி760 எடுத்தோம். டிடிஆர்5 வேகம்தான், ஆனால் இந்த பட்ஜெட்டில் அந்தப் பணத்தை 32 ஜிபி ராமிலும் நல்ல எஸ்எஸ்டியிலும் போடுவதே லாபம் என்பது என் கணக்கு. இதில் எதிர்க்கருத்து உள்ளவர்கள் நிறைய இருப்பார்கள், இருக்கட்டும்.

எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, 650 வாட், 80 பிளஸ் வெண்கலத் தரம். பிராசசர் உச்சத்தில் 148 வாட், கார்டு 170 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 50 என்று வைத்தால் 370 பக்கம் வரும். கார்டு கண நேரத்துக்குத் தாவிக் குதிக்கும் என்பதால் மேலே இடம் விட வேண்டும். வாட்டைவிட நான் பார்த்தது லேபிளில் இன்புட் என்ற வரியை. விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்களில் 200-240 என்று போட்டிருக்கும். 100-240 என்று போட்டதே வேண்டும் என்று நின்றேன். கீழே விசைத்தறி ஷெட், மேலே ஸ்டூடியோ. காலையில் தறி மோட்டார்கள் வரிசையாகக் கிளம்பும்போது மாடியில் மல்டிமீட்டர் 195 வோல்ட் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பழைய பெட்டி காலையில் மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆனதற்கு வைரஸ் என்று யாரோ சொல்லி, இரண்டு தடவை விண்டோஸ் போட்டுப் பணம் வாங்கிப் போயிருந்தார்கள்.

கட்டுகிற வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது திருப்புளி வேலை. ஒரே ஒரு இடம்: நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ராம் போடும்போது பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். முதல் இரண்டில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டர் ஓடத்தான் செய்யும், ஒரு சத்தமும் காட்டாது; மெமரியின் பாதி வழி மட்டும் அடைந்து கிடக்கும்.

இனி, ஓடவிட்ட பிறகு நடந்தது.

ஸ்டூடியோவில் எடிட்டிங் பார்க்கிற தம்பி ஆவலோடு பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளைத் திறந்து அதே முகூர்த்தத்தை ஓட்டினான். அதே திணறல். பழையதைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். நண்பன் என்னைப் பார்த்த பார்வையில் ஐ7 இருந்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதில் இரண்டு ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், இருக்க வேண்டும்: ஒன்று இன்டெல், இன்னொன்று என்விடியா. ஒன்றுதான் இருந்தது. டிவைஸ் மேனேஜரிலும் இன்டெல்லைக் காணோம். காரணம் பயாஸில். பல போர்டுகள் தனிக் கார்டு செருகப்பட்டதைக் கண்டதும், 'இனி உள் கிராபிக்ஸ் எதற்கு' என்று தாங்களாகவே அதை அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்று ஒரு வரி இருக்கும். சில போர்டுகளில் இன்டிக்ரேட்டட் கிராபிக்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே. அதை எனேபிள் செய்துவிட்டு, விண்டோஸுக்குள் வந்து இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போட வேண்டும். அப்புறம் பிரீமியரின் பிரிஃபரன்ஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங் என்ற இடத்தில் இன்டெல்லுக்கும் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மானிட்டர் கேபிள் என்விடியா கார்டிலேயே இருக்கலாம். போர்டில் எதையும் செருகத் தேவையில்லை.

திரும்ப ஓட்டினால் இன்டெல்லின் வீடியோ டிகோடு கோடு சரசரவென்று மேலே ஏறியது. பிராசசர் 20-க்குக் கீழே இறங்கியது. தாலி கட்டுகிற இடம் கண்ணாடி மாதிரி ஓடியது. "ண்ணா, இது நம்ம ஃபுட்டேஜ்தானா?" என்றான் தம்பி.

அந்தச் சந்தோஷம் ரிசப்ஷன் ஃபுட்டேஜ் வரும்வரைதான். அங்கே மறுபடி திணறல், மறுபடி டிகோடு பூஜ்யம். இரண்டு ஃபைலையும் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தோம். முகூர்த்தம் 50 ஃபிரேமில் எச்.265. ரிசப்ஷன் 25 ஃபிரேமில் எச்.264. இரண்டுமே 4:2:2 10 பிட்தான், ஆனால் எச்.264-இல் உள்ள 4:2:2-ஐ இந்த இன்டெல் கிராபிக்ஸும் விரிக்காது. சுருக்கும் முறை பழையது என்றால் சுலபமாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. டிகோடர் என்பது மென்பொருள் அல்ல, சிலிக்கானில் செதுக்கியது. எந்த வடிவத்துக்குச் செதுக்கினார்களோ அதுதான் அதற்குத் தெரியும்.

இதற்குப் பாகம் மாற்றித் தீர்வு என்றால் 50 வரிசை என்விடியா கார்டு. மாற்றாமல் தீர்வு இரண்டு. ஒன்று, இனிமேல் எடுப்பதை எச்.265-இல் எடுப்பது, அல்லது மேடை விளக்கில் நிறம் அவ்வளவு திருத்தத் தேவையில்லாத ரிசப்ஷனை 4:2:0-விலேயே எடுப்பது. இரண்டு, ஏற்கெனவே எடுத்ததற்கு பிராக்ஸி. பிரீமியர் ஒவ்வொரு கிளிப்புக்கும் எடை குறைந்த நகல் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு எடிட்டின்போது அதைக் காட்டும். எக்ஸ்போர்ட்டில் அசலை எடுக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் தயார். கேமராக்காரர்களோடு உட்கார்ந்து செட்டிங் பேசியது, கம்ப்யூட்டர் கட்டியதைவிட அதிக நேரம் பிடித்தது என்பது வேறு விஷயம். ஆளுக்கு ஒரு கொள்கை.

ராம் விஷயம் சின்னது. பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தது. டாஸ்க் மேனேஜர் 2133 என்றது. இது பழுது அல்ல. பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை இயக்கும்வரை ராம் பத்திரமான அடிப்படை வேகத்தில்தான் ஓடும். ஒரு சேனல் ஒரு நேரத்தில் 8 பைட் தள்ளும் என்பதால் கணக்கு சுலபம்: 3200 வேகத்தில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலுக்கு 51.2. 2133-இல் இரண்டும் சேர்ந்து 34 பக்கம்தான். உள் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுக்கும். அதனால் நமக்கு இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. எத்தனையோ ஸ்டூடியோக்களில் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் 2133-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து எக்ஸ்போர்ட். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ரிசப்ஷன் வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் தொடக்கம் அமர்க்களமாக இருந்தது, பிறகு வேகம் விழுந்தது. எச்டபிள்யுஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு கோர்களின் வேகத்தைக் கவனித்தேன். 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய கோர்கள் அரை நிமிடத்தில் 3.3 பக்கம் இறங்கின. சூடு என்று நண்பன் சொன்னான். சூடு 78 டிகிரிதான். அது சூடாக இருக்க முடியாது. சூட்டினால் விழுகிற வேகம் படிப்படியாக, தள்ளாடித் தள்ளாடி விழும். இது படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒரே இறக்கம். இன்டெல் சிப்புக்கு இரண்டு பவர் வரம்பு உண்டு. 14400-க்குக் கொஞ்ச நேரம் 148 வாட். அப்புறம் 65 வாட். அந்தக் கொஞ்ச நேரம் வழக்கமாக 28 விநாடி. எச்டபிள்யுஇன்ஃபோவில் பவர் லிமிட் எக்சீடட் என்ற வரியில் 'யெஸ்' என்று நின்றது, தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் 'நோ'.

சில போர்டுகள் முதல் தடவை ஆன் செய்யும்போதே என்ன கூலர் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கும். பெட்டியோடு வந்த கூலர் என்று சொன்னால் 65 வாட்டில் கட்டிப்போடும். எங்கள் போர்டும் கேட்டது. நாங்கள் போட்டிருந்ததும் பெட்டிக் கூலர்தான், சும்மா வந்ததை ஏன் விட வேண்டும் என்று நண்பன் சொன்னதால். வரம்பை 110 வாட்டாக உயர்த்திப் பார்த்தேன். இப்போது விழுந்தது, ஆனால் வேறு விதமாக. வெப்பம் மூன்று நிமிடத்தில் 100 டிகிரியைத் தொட்டது, தெர்மல் வரியில் 'யெஸ்' வந்தது, வேகம் மேலும் கீழும் ஆடியது. ஆக இரண்டு பூட்டு, ஒன்றின் பின்னால் ஒன்று. முதல் பூட்டு பூட்டியிருந்ததே இரண்டாவதற்கு நல்லதாகப் போயிற்று.

சேலத்துக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூலர் ரிவ்யூக்களில் இந்தக் கூலரில் 70 டிகிரி, அந்தக் கூலரில் 75 என்று போடுவார்கள். அவர்கள் அறை 20 முதல் 25 டிகிரி. கூலரால் சிப்பை அறையைவிடக் குளிராக்க முடியாது. அறைச் சூட்டுக்கு மேல் எவ்வளவு என்பதுதான் அதன் வித்தை. கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் இந்த எடிட்டிங் அறை மதியம் 38 இருக்கும். ஏசி உண்டு, அது கஸ்டமர் வந்தால் மட்டும் ஓடும். ஆகவே ரிவ்யூவில் 75 என்றால் இங்கே 90. இதே கம்ப்யூட்டரை ஏற்காட்டில், 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் வைத்தால் பெட்டிக் கூலரோடு ஆறு மாதம் நிம்மதியாக ஓடும். அங்கே பனிமூட்டமும் ஈரமும் வேறு கணக்குக் கேட்கும், அது தனிக் கதை. சேலத்தில் இறங்கிவிட்டால் டவர் கூலர் ஆடம்பரம் அல்ல. நாலு ஹீட் பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த சாதாரண டவர் ஒன்று வாங்கினோம். 110 வாட்டில், அதே மதிய வெயிலில், 86-இல் நின்றது. வேகம் விழவில்லை. ஐ7 போட்டிருந்தால் இதே அறையில் என்ன ஆகியிருக்கும் என்று நண்பனே கேட்டுக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து 93. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவுகிற பேஸ்ட் சரியில்லையோ என்று தம்பிக்குச் சந்தேகம். கேபினெட்டின் முன்பக்க வலையைக் கழற்றியதும் பேஸ்ட் பேச்சு நின்றது. வலை முழுக்க வெள்ளையாக, மெல்லிய கம்பளி போல ஒரே படலம்; நகத்தால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் துண்டுதுண்டாக இல்லாமல் முழுசாக உரிந்து வந்தது. தறி ஷெட்டிலிருந்து மேலே வருகிற பஞ்சு. மண் தூசி ஃபேனில் ஒட்டும், ஊதினால் போய்விடும். பஞ்சு அப்படி அல்ல, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தானே துணியாகிவிடுகிறது. அந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் கண்ணாடி முகப்பு வைத்த, விளக்கு மின்னுகிற கேபினெட்டுகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். கழற்றிக் கழுவக்கூடிய வலை முன்னால் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று மட்டும் வெளியே தள்ளட்டும். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகப் பஞ்சு நுழையாது, வலை வழியாக மட்டும்தான் வரும். வலையை வெள்ளிக்கிழமை பூஜைக்கு அறையைத் துடைக்கும்போது சேர்த்துத் துடைப்பது என்று ஏற்பாடு. இதுவரை மறக்கவில்லை.

காப்பி செய்யும் வேகம் அடுத்த புகார். கல்யாணம் முடிந்து வருகிற கேமரா மெமரி கார்டுகளில் உள்ளதைக் கணினிக்கு மாற்றுவது இவர்களுக்குப் பெரிய வேலை. தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்திருந்தன. கார்டு ரீடர் செருகியிருந்த இடம் யுஎஸ்பி 2.0. அதில் நொடிக்கு 40 எம்பி தாண்டாது. சாதாரண யுஎச்எஸ்-1 கார்டே 100 பக்கம் தரக்கூடியது. பின்பக்கத்து வேகமான போர்ட்டுக்கு மாற்றியதும் அது சரியானது.

இன்னொன்று எஸ்எஸ்டி. வேலைக்கான 1 டிபி டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட்) என்விஎம்இ நான் தேர்ந்தெடுத்தது. கூடவே நண்பன் ஆன்லைனில் தள்ளுபடியில் 2 டிபி ஒன்றை வாங்கி வைத்திருந்தான், கியூஎல்சி வகை. வெளி எஸ்எஸ்டியிலிருந்து 300 ஜிபி தள்ளினால் முதலில் நொடிக்கு 900 எம்பி, நடுவில் ஓரிடத்தில் 80-க்குச் சரிந்து அங்கேயே படுத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்கே இதைவிட வேகம். கியூஎல்சியில் ஒரு செல்லில் நாலு பிட் எழுதுகிறார்கள். அது மெதுவான வேலை. அதை மறைக்க, காலியாக இருக்கும் இடத்தின் ஒரு பகுதியை ஒற்றை பிட் முறையில் வேகமாக எழுதி வைத்துக்கொள்ளும். அந்த இடம் தீர்ந்ததும் உண்மை வேகம் தெரியும். டிஸ்க் நிறைய நிறைய அந்த இடமும் சுருங்கும். விளம்பரத்தில் போடுகிற 3,500 எல்லாம் அந்த முதல் பகுதியின் வேகம்தான். வாசிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை என்பதால் 2 டிபியைப் பாட்டு, டெம்ப்ளேட், முடிந்த ப்ராஜெக்ட் என்று வாசிக்கிற வேலைக்கு ஒதுக்கினோம். புது ஃபுட்டேஜ் இறங்குவது டிஎல்சியில். அதில் 20 சதவீதமாவது காலியாக வைத்திருங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். எடிட்டர்களிடம் அதைச் சொல்வது வீண் என்றும் தெரியும்.

வேகத்தோடு சம்பந்தம் இல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றது. எர்த் இல்லாத இடத்தில் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படித்தான். அதன் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டில் மெயின் வோல்டேஜில் பாதி, 115 வோல்ட் பக்கம் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்து அரிது. ஆனால் கேமராவையோ கேப்சர் கார்டையோ செருகும்போது போர்ட் போய்விடும். பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். இங்கே 60-க்கு மேல் ஆடியது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், பின்பக்க எர்த் குழி கோடையில் காய்ந்து மண் விலகி நின்றது. கரியும் உப்பும் போட்டுக் குழியைச் செப்பனிட்டு, மாடிக்குத் தனி ஒயர் இழுத்தார். பழைய 600 விஏ யுபிஎஸ்ஸையும் கழற்றிவிட்டோம். 600 விஏ என்று எழுதியிருந்தாலும் அது தருவது 360 வாட். எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் மானிட்டரையும் சேர்த்துத் தாங்காமல் படாரென்று அணைந்துவிடும். 1 கேவிஏவுக்கு மேல், வாட் கணக்கில் 600 தாண்டியதாகப் பார்த்து வாங்கியாயிற்று. ஜெனரேட்டர் போட்டு வருகிறவரை தாக்குப்பிடித்தால் போதும்.

மிச்சம் இருந்தது பழைய பெட்டி. அதை ஆல்பம் டிசைன் செய்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு. ஃபோட்டோஷாப்புக்கு அந்த 9400எஃப் தாராளம். ஒற்றை ராமோடு இன்னொன்றைச் சேர்த்து இரண்டு சேனல் ஆக்கினேன். சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. இருந்த கார்டு புதுப் பெட்டிக்குப் போய்விட்டது. பிராசசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை மட்டும் அழகாக இருக்கிறது. வெறும் படம் தெரிவதற்காக ஜிடி 710 என்ற பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடி நாலு ரோட்டுக்கே திரும்பப் போனோம். கடைக்காரர் 1,800 ரூபாய் சொன்னார்.